பின்னேர வெயிலுக்கு ஒரு கதிரை

1

“…வெயில் படுற இடத்திலை கொண்டுபோய்ப் பரப்பி விட நாங்கள் என்ன மிளகாயே, பிள்ளை?” என்றாள் என் தங்கை சாந்தா.

சொல்லிவிட்டு முதல் ஆளாகத் தானே சிரித்தாள். எங்கள் ஊரான உருத்திரபுரத்தில் அவளுடைய வளவின் மேற்கு மூலை அது. நிலத்தில் சாம்பலால் போட்ட ஒரு வட்டம். வட்டத்தின் விளிம்பில், லண்டனில் பூந்தோட்டம் வடிவமைக்கப் படித்து இந்த வருடம்தான் சான்றிதழ் வாங்கிய என் மகள் ஆரணி, கையில் வரைபடத்துடன் நின்றாள். ஆவணி மாதத்து நான்கு மணி வெயில் அந்த வட்டத்துக்குள் தளும்பிக் கிடந்தது. நான் கொஞ்சம் தள்ளி, குடையைப் பிடித்தபடி நின்றேன்.

கொஞ்சம் தள்ளி என்று சொன்னதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த விடுமுறை முழுவதும் நான் நின்ற இடம் அதுதான்.

ஆட்கள் வாயிலிருந்து விழுகிற நல்ல பேச்சுகளைப் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். இடப்பெயர்வோடு படிப்பு நின்றுபோன எனக்கு ஆட்களின் வாய்தான் பள்ளிக்கூடம். லண்டனில் நான் வேலை செய்கிற பாடசாலைக் குசினியிலும் அப்படித்தான். யாராவது ஒன்றைச் சொன்னால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு “திரும்பச் சொல்லு” என்று கேட்பேன். சாந்தாவின் மிளகாய்ப் பேச்சும் வேறொரு நாளில் என்றால் எனக்கு ஒரு கிழமைக்குப் போதுமாக இருந்திருக்கும். அன்றைக்கு அதை ரசிக்கிற நிலைமையில் நான் இல்லை. எனக்கு என் தங்கை மேல் பொறாமை. அதுவும் சாதாரணப் பொறாமை இல்லை, சாப்பாடு இறங்காத பொறாமை.

2

ஆரணி இந்தப் படிப்பைப் படிக்கப் போகிறாள் என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்ன நாளை மறக்க மாட்டேன். “தோட்டம் செய்யப் படிக்கிறாள்” என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் மிளகாயும் வெங்காயமும் கத்தரியும். மறுமுனையில் சாந்தா மெல்லக் கேட்டாள்: “அக்கா, உங்கை அவ்வளவு கஷ்டமே?”

அது மண்வெட்டி வேலை இல்லை, வீட்டைச் சுற்றி எது எங்கே வரவேண்டும் என்று கீறிக் கொடுக்கிற வேலை என்று விளங்கப்படுத்தினேன். “அப்ப வளவுக்கு இஞ்சினியர்” என்றாள். அதைவிட நல்ல விளக்கத்தை அந்தக் கல்லூரிக்காரர்கள்கூடச் சொல்லவில்லை.

படித்து முடித்தபிறகு தெரிந்தது இன்னொரு சங்கதி. புதிதாகப் படித்து வந்தவளிடம் எவரும் முதல் வேலையைக் கொடுக்க மாட்டார்கள். “நீ செய்த ஒரு தோட்டத்தைக் காட்டு” என்பார்கள். செய்தால்தானே காட்டலாம், கொடுத்தால்தானே செய்யலாம். வசந்தகாலம் முழுவதும் ஆரணி ஆட்களைச் சந்திக்கப் போய்வந்தாள். போகும்போது காலணி பளபளக்கும். வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு முதல் தோட்டம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. மழைத்தண்ணி பிடிக்கிற இரண்டு நீலப் பரல், உடுப்புக் காயவிடும் கம்பி, ஆரணி சின்ன வயதில் ஓடிய சைக்கிளின் மிச்சம், குளிர் தொடங்கினால் பிள்ளையைத் தூக்குவதுபோல உள்ளே தூக்கி வைக்கிற என் கறிவேப்பிலைச் சாடி. அழகான இடமில்லை. அதனால்தான் கேட்டேன்.

“எங்கடையைச் செய்யன், முதலாவதா.”

அவள் தன் தமிழில் சொன்னாள்: “நீங்கள் அம்மா. கிளையண்ட் இல்லை. நான் ஒரு செடியை எடுக்கச் சொன்னா அழுவீங்கள்.”

நான் அழமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கறிவேப்பிலை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு சாந்தா கூப்பிட்டாள். நாங்கள் பிறந்த பழைய குடியேற்றத்திட்ட வீட்டை இடித்துவிட்டு அவளும் புருசனும் புது வீடு கட்டி முடித்திருந்தார்கள். “வீடு வடிவாத்தான் கிடக்கு. வளவைப் பாத்தா உழுதுபோட்ட வயல் மாதிரி. உன்ரை இஞ்சினியரை ஒருக்கா அனுப்பன்” என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். ஆரணி சோபாவில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். அன்றைக்கே விமானச் சீட்டுப் பார்த்துவிட்டாள். நானும் வருகிறேன் என்று சொன்னேன். என்னை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

3

லண்டன் விமான நிலையத்தில் அவளுடைய பெட்டியைத் திறந்தார்கள். நிலத்தில் அடிக்கிற மரமுளைகள், நூல்பந்து, அளக்கிற சிவப்பு டேப், நிலத்தில் அடையாளம் போடும் பெயின்ற் டப்பா. டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டார்கள். கட்டுநாயக்காவில் இறங்கியதும் திரும்பவும் திறந்தார்கள். முளைகளைத் தட்டிப் பார்த்த அதிகாரி என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆரணி நீளமாக விளங்கப்படுத்தினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் அரைகுறைச் சிங்களத்தில், “தங்கச்சி வீட்டுக்கு, பூக்கண்டு வைக்க” என்றேன். உடனே பெட்டியை மூடிவிட்டார். அவள் விளங்கப்படுத்தியதை நான் ஒரு வரியில் முடித்தேன் என்று எனக்கு ஒரு சின்னப் பெருமை. அந்தப் பயணத்தில் நான் பட்ட கடைசிப் பெருமை அதுதான்.

வந்து இறங்கிய மறுநாள் விடியவே வேலை தொடங்கியது. ஒன்பது மணிக்குப் பிறகு வெயிலில் நிற்க ஏலாது என்பதால் காலையில் மட்டும் வேலை, பின்னேரம் வீட்டுக்குள் படுக்கை என்று சாந்தா சட்டம் போட்டாள். டப்பா போன கதையைக் கேட்டதும், “குசினிக்குள்ளை வேணுமெண்ட சாம்பல் கிடக்கு” என்றாள். ஒரு தகரப் பேணியின் அடியில் துளை போட்டுச் சாம்பலை நிரப்பி, ஆரணி நிலத்தில் பாதைகளைக் கீறினாள். கறுப்புக் களிமண்ணில் அது லண்டன் பெயின்ற்றைவிட எடுப்பாகத் தெரிந்தது.

டேப்பின் ஒரு முனையை ஆரணி பிடித்தால் மறுமுனையை இன்னொரு ஆள் பிடிக்கவேண்டும். முதல் நாள் நான் எழுந்து போவதற்குள், “சித்தி!” என்று குரல் கேட்டது. சாந்தா அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடினாள். அன்றிலிருந்து மறுமுனை அவளுடையது. டேப்பின் நுனியிலுள்ள வளையத்தை விரலில் மோதிரம்போலப் போட்டுக்கொண்டு, “இஞ்சையோ? இன்னும் தள்ளவோ? சொல்லு, கிணத்துக்குள்ளை விழும்வரைக்கும் போறன்” என்று பின்பக்கமாக நடப்பாள். இருவரும் சிரிப்பார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பேன்.

லண்டனில் நான் நூறு தரம் கேட்டாலும் “ம்” என்று மட்டும் சொல்கிற பிள்ளை, அங்கே ஒரு கிழமைக்குள் “ஓம் சித்தி”, “உது சரிவராது சித்தி” என்று கதைக்கத் தொடங்கினாள். இரவில் சோறு வேண்டாம் என்று பதினைந்து வயதிலிருந்து என்னோடு சண்டை பிடிக்கிறவள், சாந்தா போட்ட சோற்றுக்குச் சாப்பாட்டுக் கோப்பையை இரண்டாம் தரம் நீட்டினாள். பிள்ளை தமிழ் கதைத்தாலே போதும் என்று எத்தனை கோயிலில் நின்றிருப்பேன். கதைக்கிறாள். என்னோடு இல்லை.

மண்ணைப் போத்தலில் கரைத்து அலுமாரிக்கு மேலே வைத்தாள் ஆரணி. களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று அடையவிட்டுப் பார்ப்பதாம். அலுமாரிப் பக்கம் போகும்போதெல்லாம் சாந்தா அந்தப் போத்தலைக் குனிந்து பார்ப்பாள். “ஆடாமல் அசையாமல் இருந்தா எல்லாம் தன்ரை தன்ரை இடத்திலை போய்ப் படுக்குது, பாத்தியே அக்கா” என்றாள் ஒருநாள். நல்ல பேச்சு. பொறுக்கி வைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பிறகு அந்தக் கேள்வி. வாடிக்கையாளரிடம் இதைக் கேட்காமல் வரைபடத்தை முடிக்கக்கூடாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். இரவுச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருக்கையில் ஆரணி கேட்டாள்:

“சித்தி, இந்த வளவிலை நீங்கள் எங்கை ஹாப்பி?”

நான் சிரிக்கத் தயாரானேன். சாந்தா சிரிக்கவில்லை. பதில் சொன்னாள்.

“கிணத்தடியிலை. உடுப்புத் தோய்ச்சு முடிஞ்சாப்பிறகு அந்தக் கல்லு ஈரமாக் கிடக்கும். அதிலை காலை வைச்சுக்கொண்டு கொஞ்சநேரம் இருப்பன். ஆரும் கூப்பிடாட்டில் இன்னும் கொஞ்சம் இருப்பன்.”

எத்தனையோ வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளுக்குத் தொலைபேசி எடுக்கிறேன். மழையோ, நெல்லு என்ன மாதிரி, கட்டாரிலிருக்கும் அவளுடைய மூத்த மகன் கதைத்தவனோ, கொழும்பிலிருக்கும் இளையவன் வந்தவனோ என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை. ஈரக் கல்லின் கதை எனக்குத் தெரியாது. என் மகள் வந்து பத்து நாளுக்குள் அறிந்துகொண்டாள்.

படுக்கப் போனபிறகு இன்னொன்றும் உறைத்தது. சாந்தாவிடம் அந்தப் பதிலை என் மகள் வாங்கியதைவிட, என் மகளிடம் அந்தக் கேள்வியைச் சாந்தா வாங்கியதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. நான் எங்கே ஹாப்பி என்று ஆரணி என்னை ஒருநாளும் கேட்டதில்லை.

4

செடி வாங்க ஒரு வாடகை வான் பிடித்துக் கனகராயன்குளத்துக்குப் போனோம். ஏ9 வீதியோரம் ஒரு நாற்றுப்பண்ணை. உரிமையாளர் ஒரு முஸ்லிம் மனிதர்; முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் அவரை “நானா” என்பார்கள். முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து, நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து தொடங்கினாராம். ஆளை ஆள் தெரியாமலே குடும்பக்கதை கதைக்கிற மனிதர். எனக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும்.

ஆரணி செவ்வரத்தை, நந்தியாவட்டை, தேமா என்று ஒவ்வொன்றாகக் காட்டி, இது எவ்வளவு உயரம் போகும், அகலம் எவ்வளவு விரியும் என்று கேட்டாள். அவள் பக்கத்தில் சாந்தா நின்று, அவளுடைய தமிழில் விழுந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தாள். நானா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உங்கட மகள் வேலையிலை சரியான கெட்டிக்காரி தங்கச்சி. செடிக்கு வயசு கேக்கிறவை கனபேர். செடி வளந்தா எவ்வளவு இடம் பிடிக்கும் எண்டு கேட்ட முதல் ஆள் இவதான்” என்றார் சாந்தாவிடம். பிறகு, “மூக்கும் உங்கட மூக்குத்தான்” என்றார்.

சாந்தா சிரித்தாள். இல்லை, அக்காவின் மகள் என்று சொல்லவில்லை. ஆரணியும் சொல்லவில்லை. அவளுக்கு நானாவின் பேச்சு முழுவதும் விளங்கியதோ தெரியாது, ஆனால் “மகள்” விளங்கியிருக்கும். நான் இரண்டு கையிலும் இரண்டு தேமாக் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானா என்னைப் பார்த்து, “அக்கா, அதை அந்த வானடியிலை வைச்சுவிடுங்கோ” என்றார், கூலிக்கு வந்த ஆளுக்குச் சொல்வதுபோல, மரியாதையாக.

வைத்தேன்.

திரும்பி வரும் வழியில் வானுக்குள் சாந்தா என் தொடையில் தட்டி, “என்னக்கா, ஒரு சத்தத்தையும் காணேல்லை?” என்றாள்.

“தலையிடி.”

“வெயில் பிடிக்கேல்லைப் போலை. லண்டன்காரி.”

அந்த “லண்டன்காரி” எனக்கு மிளகாயைவிட உறைத்தது. என் மகள் பின் ஆசனத்தில் நந்தியாவட்டையைக் கட்டிப் பிடித்தபடி நித்திரை. அவள் ஊர்க்காரி, நான் லண்டன்காரி. எப்போது மாறினோம்?

5

மேற்கு மூலை வட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நீங்கள் லண்டனில் ஒரு பனிக்காலத்தையாவது இருந்து பார்த்திருந்தால்தான் இது விளங்கும். ஒக்டோபரில் போகிற வெயில் மார்ச்சில் ஒருநாள் பின்பக்கச் சுவரில் ஒரு துண்டாக வந்து விழும். அன்றைக்கு எங்கள் தெருவில் இருக்கிறவர்கள் எல்லோரும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். கிழவர் கிழவிகள்கூட முகத்தை வானத்துக்குக் கொடுத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார்கள். வந்த முதல் வருடம் ஜன்னலுக்குள் நின்று சிரித்தேன். இப்போது நானும் கதிரையைத் தூக்குகிறேன். சுவரில் வெயில் நகர நகர, கதிரையையும் நகர்த்துகிறேன். வீடு விற்கிறவர்கள்கூட “பின்னேர வெயில் உள்ள வளவு” என்று பெருமையாகச் சொல்லித்தான் விற்பார்கள்.

ஆகவே ஆரணிக்குக் கல்லூரியில் கொடுத்த முதல் பாடமும் அதுதான்: பின்னேர வெயில் எங்கே விழுகிறது என்று கண்டுபிடி, அங்கே இருக்கையைப் போடு, மற்றதெல்லாம் பிறகு. சாந்தா அனுப்பிய படங்களையும் திசையையும் வைத்து லண்டனில் இருந்தே அவள் மூலையைத் தெரிந்தெடுத்தாள். மேற்குப் பக்கம், முன்னால் வயல், அதற்கு அப்பால் வாய்க்கால் கட்டு. வட்டமாகச் செங்கல் இருக்கை.

கீறி முடித்துவிட்டு எனக்குத்தான் முதலில் காட்டினாள். அந்த ஒரு நாள் நான் அவளுக்குக் கிட்ட இருந்தேன். வரைபடத்தைப் பார்த்து, “பின்னேரம் நல்ல வெயில் விழும், சோக்கா இருக்கும்” என்று நான்தான் சொன்னேன். அந்த வளவில் பிறந்து, அதே வெயிலுக்குப் பயந்து பள்ளிக்கூடத்திலிருந்து நிழல் நிழலாகத் தாவி வீட்டுக்கு வந்த நான். இருவரில் ஒருவருக்கும் அது பிழை என்று படவில்லை.

உருத்திரபுரத்துக்கு வந்தபிறகும் படவில்லை. காலையில்தானே வேலை? காலையில் புது வீட்டின் நிழல் மேற்கு மூலை முழுவதையும் மூடியிருக்கும். அங்கே நின்றுதான் இருவரும் தேத்தண்ணி குடிப்பார்கள். அந்த இருக்கையை மட்டும் ஆரணி சாந்தாவுக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள். கடைசியில் காட்டவேண்டும், அதுவும் பின்னேரத்தில், வெயில் விழுகிற நேரத்தில் காட்டவேண்டும் என்று. சித்திக்குத் தான் கொடுக்கிற பரிசு அது.

6

கதை தொடங்கிய அந்த நாளில், பின்னேரம் சாந்தா படுத்திருந்த நேரத்தில் ஆரணி தனியாகப் போய் அந்தச் சாம்பல் வட்டத்தைப் போட்டாள். முகம் சிவந்து, நெற்றியில் சாம்பல் பூசியபடி வந்து சாந்தாவை எழுப்பினாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

“சித்தி, கண்ணை மூடுங்கோ. இப்ப திறவுங்கோ. இதுதான் நீங்கள் பின்னேரம் இருக்கிற இடம். ஃபுல் சன்.”

சாந்தா வட்டத்தைப் பார்த்தாள். மேலே சூரியனைப் பார்க்க முயன்று முடியாமல் கண்ணைச் சுருக்கினாள். “அடி என்ரை அம்மாளாச்சி! இந்த மூலையிலை நாய்கூடப் படுக்காதெடி” என்று தொடங்கித்தான் நான் முதலில் எழுதிய அந்த மிளகாய்ப் பேச்சைச் சொன்னாள்.

அவள் சிரிப்பு முடிவதற்குள் ஆரணியின் முகம் விழுந்துவிட்டது. வட்டத்தைப் பார்த்தாள். அப்போதுதான் முதன்முதலாக அந்த வெயிலைக் கண்டவள் போலத் தன் கையைப் பார்த்தாள். பிறகு வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினாள். அந்தச் சுருட்டலை எனக்குத் தெரியும். நான்கு வயதில் கீறிய யானையைப் பார்த்து யாரோ சிரித்தபோதும் இப்படித்தான், தாளின் ஓரம் ஓரத்தோடு ஒட்டும்வரை இறுக்கிச் சுருட்டினாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் ஒன்றும் கீறவில்லை.

“ஸொரி சித்தி. நான் யோசிக்கேல்லை” என்றாள், தாளைப் பார்த்தபடி. “இது முழுக்கப் பிழை. எல்லாத்தையும் விடுவம்.”

எனக்குள் என்ன நடந்தது என்பதைச் சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். ஒரு குளிர்ச்சி இறங்கியது. பார், உன் சித்தியும் சிரிக்கத்தானே செய்தாள் என்று ஒரு சந்தோசம். இனி டேப்பும் வேண்டாம், ஓம் சித்தியும் வேண்டாம், பிள்ளை என் பக்கம் திரும்புவாள், நான் அவளை அணைத்துக்கொண்டு லண்டனுக்குக் கூட்டிப் போவேன். இந்த வளவு போனால் அவளுடைய முதல் தோட்டம் போய்விடும் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. பொறாமை அவ்வளவு வேகமாக ஓடும்.

குடையை அவள் தலைக்கு மேல் பிடிப்பதற்காக நடந்தேன். நான் போய்ச் சேருவதற்குள் சாந்தா அங்கே இல்லை. வீட்டுப் பக்கம் விறுவிறென்று போய், முற்றத்தில் கிடந்த பிளாஸ்ரிக் கதிரையை ஒரு கையால் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். சாம்பல் வட்டத்துக்கு நட்டநடுவே வைத்தாள். கால் நான்கும் சரியாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள். தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, வயலைப் பார்த்து, வெயிலுக்கு நேரே உட்கார்ந்தாள்.

ஆரணி சுருட்டுவதை நிறுத்தினாள்.

கையைப் புருவத்துக்கு வைத்து வயலைக் கொஞ்சநேரம் பார்த்தாள் சாந்தா. “இஞ்சை இருந்து பாத்தா வாய்க்கால் கட்டு வரைக்கும் தெரியுது. இத்தனை வருசம் ஒருநாளும் இதிலை இருந்து பாக்கேல்லையே நான். அங்கை பார், உன்ரை சித்தப்பா. வயலிலை வேலை தலைக்கு மேலை எண்டவர், ஆரோடையோ நிண்டு கதைச்சுக்கொண்டு நிக்கிறார்.”

ஆரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சுருட்டாதை பிள்ளை, விரி. மூலை நல்ல மூலை, வெயில்தான் கொஞ்சம் கூடிப்போச்சு. என்ரை தலையிலை நிழல் விழ மரம் எவ்வளவு தள்ளி நிக்கோணும் எண்டு அள. கெதியா அள, நான் காய்ஞ்சு தூளாகிறதுக்கு முதல்.”

ஆரணி பையிலிருந்து சிவப்பு டேப்பை எடுத்தாள். வழக்கம்போல நுனியைச் சித்தியிடம் நீட்டினாள். சாந்தாவும் வழக்கம்போல வாங்கி, வளையத்தை விரலில் போட்டாள். பிறகு அதைக் கழற்றினாள். வெயிலில் முகம் கருகிக்கொண்டிருந்தது, எழும்பவில்லை. இருந்த இருப்பிலேயே பின்னால் திரும்பி என்னைத் தேடினாள்.

“கிளையண்ட் அசையக் கூடாதாம். இதை நீ பிடியனக்கா” என்று டேப்பின் நுனியை என் பக்கம் நீட்டினாள்.